டிராஃப்டுக்கு வரும் குவார்ட்டர்பேக்: எது தன்னம்பிக்கை, எது வாய்ச்சவடால்?

நாலாவது_டவுன் (கேள்வி)

அமெரிக்கன் ஃபுட்பால்ல (என்எஃப்எல்), டீமுங்க கல்லூரி ஆட்டக்காரங்களை வரிசையா எடுத்துக்கிற டிராஃப்ட் பத்தியும், பந்தை வீசி ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக்குங்க பத்தியும் ரொம்ப நாளா மனசுல இருக்கிற சந்தேகம். 2005 டிராஃப்ட்ல முதல் ஆளா ஃபார்ட்டி நைனர்ஸ் தன்னை எடுக்கும்னு ஆரோன் ராட்ஜர்ஸ் எதிர்பார்த்தார். அவங்க இன்னொரு குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்துட்டாங்க. மனுஷன் கேமரா முன்னாடி நாலு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்திருந்து, கடைசியில 24-வதா பேக்கர்ஸுக்குப் போனார். ஏமாற்றமான்னு கேட்டதுக்கு, என்னை விட்டதுக்கு அவங்க படப்போற ஏமாற்றம் இதைவிடப் பெருசுங்கிற மாதிரி சொன்னார்.

2018-ல ஜோஷ் ரோசன் 10-வதா அரிசோனா கார்டினல்ஸுக்குப் போனார். எனக்கு முன்னாடி ஒன்பது தப்பு நடந்திருக்குன்னார்.

ரெண்டுமே ஒரே பேச்சுதானே? முன்னதை இன்னிக்கும் ரசிச்சுச் சொல்றோம். பின்னதை வச்சு ரோசனைக் கிண்டல் பண்றோம். நீங்க ஒரு டீமுக்கு ஆள் பார்த்துச் சொல்ற ஸ்கவுட்டா இருந்தா, அன்னிக்கு ராத்திரியே இது நம்பிக்கை, இது திமிர்னு எப்படிப் பிரிப்பீங்க?

பாக்கெட்_பாஸ்கர்

இதுல பிரிக்க ஒண்ணுமில்ல பாஸ். ஜெயிச்சா நம்பிக்கை, தோத்தா திமிர். 2000-ல 199-வதா வந்த டாம் பிரேடி, உங்க டீம் எடுத்ததிலேயே சிறந்த முடிவு நான்தான்னு பேட்ரியாட்ஸ் முதலாளி ராபர்ட் கிராஃப்ட்கிட்டயே சொன்னாராம். கிராஃப்ட் அதை எத்தனை வாட்டி சொல்லிச் சிரிச்சிருக்கார்! பிரேடி ரெண்டு வருஷத்துல காணாமப் போயிருந்தா அதே கதையை யாராவது சிரிச்சுக்கிட்டே சொல்வாங்களா?

பிரவுன்ஸ்_பாவி

கிளீவ்லேண்ட்ல குடியிருக்கேன், பிரவுன்ஸ் ரசிகன். வாய் பேசுற குவார்ட்டர்பேக் விஷயத்துல எங்க ஊருக்கு இருக்கிற அனுபவம் வேற எந்த ஊருக்கும் கிடையாதுங்கிறதால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

பாஸ்கர் சொல்றதுல பாதிதான் சரி. 1998-ஐப் பாருங்க. பெய்ட்டன் மேனிங் டிராஃப்டுக்கு முன்னாடி கோல்ட்ஸ் மேனேஜர் பில் போலியன்கிட்ட, நீங்க என்னை எடுக்கலைன்னா பதினஞ்சு வருஷம் வந்து உங்களை உதைப்பேன்னு சொன்னதா போலியனே சொல்லியிருக்கார். இதைவிடப் பெரிய சவடால் உண்டா? ஆனா அதே மேனிங் கோல்ட்ஸைச் சந்திக்கப் போனப்ப நோட்டுல கேள்விகளை எழுதி எடுத்துட்டுப் போய் அவங்களையே கேள்வி கேட்டார். ரெண்டாவதா சார்ஜர்ஸுக்குப் போன ரயன் லீஃப், டிராஃப்டுக்கு முன்னாடி ஆட்டக்காரங்களைச் சோதிச்சு நேர்காணல் பண்ற காம்பைன்ல கோல்ட்ஸ் கூட்டிவச்ச சந்திப்புக்கே போகல.

முதல் வருஷம் ரெண்டு பேருமே சொதப்பினாங்க. மேனிங் 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்சுக்கிட்ட பாஸ்), கோல்ட்ஸ் 3-13, அதாவது 3 வெற்றி, 13 தோல்வி. பாஸ்கரோட கணக்குப்படி அந்த டிசம்பர்ல மேனிங்கும் வாய்ச்சவடால்காரர்தான். லீஃப், சீஃப்ஸுக்கு எதிரா 15 பாஸ் போட்டு ஒண்ணே ஒண்ணுதான் சேர்ந்தது, மொத்தம் 4 யார்டு. மறுநாள் லாக்கர் ரூம்ல ஒரு நிருபரைப் பார்த்துக் கத்தினார், அதைக் கேமராவும் பிடிச்சுது. மேனிங் 28 தடவை பந்தைத் தூக்கிக் குடுத்துட்டும் யார் மேலயும் பாயல, திரும்ப ஆட்ட வீடியோ பார்க்கப் போனார். அதனால டிராஃப்ட் ராத்திரி பேச்சை நான் காதுலயே போட்டுக்கறதில்ல. மோசமா ஆடின மறுநாள் பழியை எங்க கொண்டுபோய் வைக்கிறான்னுதான் பார்ப்பேன்.

ஸ்கவுட்டுக்கு அதை முன்கூட்டியே பார்க்க வழியிருக்கு. இண்டியானாபொலிஸ் காம்பைன்ல ஒவ்வொரு டீமுக்கும் ஒரு ஆளோட சில நிமிஷம்தான். அவன் போட்ட இன்டர்செப்ஷனையே திரையில ஓட்டி, இங்க என்ன ஆச்சுன்னு கேட்பாங்க. 'ரிசீவர் (பாஸைப் பிடிக்கிறவன்) தப்பா ஓடிட்டான்'னு ஆரம்பிக்கிறவன் ஒரு ரகம், 'சேஃப்டி (எதிரணியோட கடைசித் தடுப்பாளன்) இறங்கினதை நான் பார்க்கல'ங்கிறவன் வேற ரகம். ஒரு பிளேயை (யார் எங்க ஓடணுங்கிற ஆட்டத் திட்டம்) போர்டுல கத்துக்குடுத்து, அதை அழிச்சுட்டு, பேச்சை மாத்தி, கொஞ்ச நேரம் கழிச்சு அதை வரையச் சொல்றதும் உண்டு. அங்க சவடால் செல்லாது.

இப்ப எங்க ஊர்க் கதை. 2014-ல டிராஃப்ட் வரிசையில 22-வது இடத்துக்கு ஏறிப்போய் ஜானி மான்ஸீலை எடுத்தோம். எடுக்கிறதுக்கு முன்னாடி, என்னைச் சீக்கிரம் எடுங்க, சேர்ந்து இந்த லீகையே நொறுக்கலாம்னு எங்க குவார்ட்டர்பேக் கோச்சுக்கு மெசேஜ் அனுப்பினார். மேடைக்கு வரும்போது விரல்ல பணம் எண்ற சைகை வேற. முதல்லேர்ந்தே ஆடின முதல் ஆட்டத்துல பெங்கால்ஸ்கிட்ட 30-0 தோல்வி. அவங்க டிஃபென்ஸ் அதே சைகையைத் திருப்பிக் காட்டினப்ப நான் டிவியை அணைச்சுட்டேன். வீடியோவே பார்க்கலைன்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார்.

2018-ல முதல் ஆளா எடுத்தது பேக்கர் மேஃபீல்டை. கல்லூரியில ஆடினப்ப, எங்க மாநிலத்து ஒஹாயோ ஸ்டேட் மைதானத்து நடுவுல தன் டீம் கொடியை நட்ட ஆளு. (இந்த ஊர்ல பாதிப்பேர் அதை இன்னும் மன்னிக்கல.) முந்தின சீசன்ல நாங்க 0-16, ஒரு வெற்றிகூட இல்ல. இந்த டீமைத் திருப்பிப் போட யாராலயாவது முடியும்னா அது நான்தான்னு காம்பைன்ல சொன்னார். செப்டம்பர்ல ஜெட்ஸ்கிட்ட 14-0 பின்தங்கியிருந்தப்ப பெஞ்சுலேர்ந்து வந்து 21-17 ஜெயிச்சுக் குடுத்தார். 635 நாளா ஒரு வெற்றி இல்லாத டீம் சார் அது. மேஃபீல்டும் புத்தர் இல்ல, நிருபர் கேட்ட கேள்வி பிடிக்காம பாதியில எழுந்து போனவர்தான். ஆனா நாங்க விட்டு, கரோலினாவும் கைவிட்டு, டாம்பால ஒரு வருஷ ஒப்பந்தத்துக்குப் போய் நின்னு, 2024-ல 10 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். அவ்வளவு தூரம் விழுந்து எழுந்தவனோட பேச்சை நான் மான்ஸீல் பேச்சோட சேர்க்க மாட்டேன்.

ஆப்ஷன்_ரூட்

எல்லாம் சரி, ஒண்ணை மட்டும் யாரும் தொடல. யார் பேசுறாங்கங்கிறதும் கணக்குல வருதே! 2011-ல கேம் நியூட்டன், நான் பொழுதுபோக்குக் கலைஞன், அடையாளச் சின்னம்னு சொன்னப்ப எவ்வளவு திட்டு! அவரோட சிரிப்பே போலின்னு ஸ்கவுட்டிங் அறிக்கை எழுதினாங்க. முதல் வருஷமே பாஸ்ல 4,051 யார்டு போட்டார், 2015-ல எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது). லமார் ஜாக்சனை ரிசீவரா மாறச் சொன்னாங்க, அவர் மாட்டேன்னு நின்னதையே பிடிவாதம்னாங்க. 32-வதா போனார், ரெண்டாவது வருஷமே ஒருமனதா எம்விபி. வெள்ளைக்காரப் பையன் பேசினா கெத்து, கறுப்பினப் பையன் பேசினா தலைக்கனம். பிரவுன்ஸ் அண்ணா, உங்க டீம் எடுத்த குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் பத்தி என்ன சொல்றீங்க?

பிரவுன்ஸ்_பாவி

அந்தப் பாரபட்சம் உண்மைதான், மறுக்கல. ஷெடூர் காம்பைன்ல, டீமோட கலாச்சாரத்தை மாத்த நினைக்கலைன்னா என்னை எடுக்காதீங்கன்னார். மேஃபீல்ட் சொன்னதுலேர்ந்து அது எவ்வளவு தூரம்? ஆனா ஒருத்தர் முதல் ஆளா போனார், இன்னொருத்தர் 2025-ல 144-வது வரைக்கும் சரிஞ்சார். நேர்காணல் சரியில்லைன்னு பேர் சொல்லாத கோச்சுங்க சொன்னதா செய்தி வந்துது. பேர் சொல்லாம பேசுறவங்க வார்த்தையை வச்சு ஒரு பையனை நான் எடை போட மாட்டேன்.

நாலாவது_டவுன்

அப்ப ராட்ஜர்ஸ், ரோசன்? அதுக்கு இன்னும் பதில் வரலையே.

பிரவுன்ஸ்_பாவி

அன்னிக்கு ராத்திரி பேசினதை வச்சு அவங்க ரெண்டு பேரையும் பிரிக்கவே முடியாது. ராட்ஜர்ஸ் மூணு வருஷம் பேக்கர்ஸோட மூத்த குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் பின்னாடி உட்கார்ந்து கத்துக்கிட்டார். ரோசனை முதல் வருஷமே 13 ஆட்டத்துல தொடக்கத்துலேர்ந்தே இறக்கிவிட்டாங்க. டீம் 3-13, ஹெட் கோச்சை ஒரே சீசன்ல அனுப்பினாங்க, அடுத்த டிராஃப்ட்ல கைலர் மர்ரியை எடுத்துட்டு ரோசனை மயாமிக்குத் தள்ளினாங்க. அந்த நிலைமையில ராட்ஜர்ஸ் என்ன ஆகியிருப்பார்னு யார் கண்டா? லீஃபைக் கிண்டல் பண்ணுங்க, மான்ஸீலைப் பண்ணுங்க, நானும் சேர்ந்துக்கறேன். ரோசனை விட்டுடுங்க.