தனுஷ்கோடி தேவாலயம்: சுவரைப் பிடித்து நிறுத்துவதா, புதிதாகக் கட்டுவதா, அப்படியே விட்டுவிடுவதா?

ஓலைக்குடா
போன ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி போயிருந்தேன். தேவாலயத்தின் பக்கச் சுவரில் வளைவு வைத்த ஜன்னல்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றின் அடியில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு கல் பெயர்ந்து மணலில் கிடந்தது. பவளக்கல், தேனடை மாதிரி முழுக்கக் குழி குழியாக இருந்தது. ஒரு பையன் அதைத் தூக்கிப் பைக்குள் போடப் பார்த்தான். அவன் அம்மா "அது கனம்டா, சின்னதா ஒன்னு எடு" என்றார். சின்னதாக ஒன்று எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் இப்படி எடுக்கிறார்கள் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

புதியவர்களுக்குச் சுருக்கமாக: 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி பெரிய இடமாகிவிட்டது. எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறினால் இங்கே வந்து இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம். சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையே நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு சேர்த்து அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு அரசு இதை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டது. மிச்சம் நிற்பதில் இன்னும் உருவம் தெரிகிற கட்டிடம் என்றால் கூரை போன இந்தத் தேவாலயம்தான்.

என் கருத்து இது: புதிதாக எதுவும் கட்ட வேண்டாம், நிற்கிற சுவர் விழாமல் பிடித்து நிறுத்தினால் போதும். இன்னும் சில மழைக்காலம் இப்படியே போனால் பிடிப்பதற்கும் ஒன்றும் இருக்காது.

மதுரைப்பயணி
பாதி மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இடிந்த சுவரை இடிந்த சுவராகவே காப்பாற்றி என்ன பயன்? அது காட்சிப்பொருளாகத்தான் இருக்கும். நான் கத்தோலிக்கன், என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பீடம் இருந்த மேடையில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் ஒருவர் காலைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அது ஒரு காலத்தில் நற்கருணை வைத்த இடம் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

கச்சத்தீவைப் பாருங்கள். குடியிருப்பவர் ஒருவர் கூட இல்லாத தீவு, குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் அந்தோணியார் திருவிழாவுக்கு வருடா வருடம் இரண்டு நாட்டு மக்களும் படகில் போகிறார்கள். பழைய சின்னக் கோயில் போதவில்லை என்று புதுக் கோயில் கட்டி 2016 டிசம்பரில் மந்திரித்துத் திறந்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? கூரை போடுங்கள், பீடம் வையுங்கள், வாரம் ஒரு பூசை நடக்கட்டும். ஆள் புழங்கினால் கட்டிடம் தானாகப் பிழைக்கும்.

சுண்ணாம்புக்கை
நான் பழைய கட்டிட வேலையில் இருப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். கூரை போடுவது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அந்தச் சுவர் கூரையைத் தாங்காது. தாங்க வைக்க வேண்டுமென்றால் உள்ளே கான்கிரீட் தூண் எழுப்ப வேண்டும். அப்புறம் பழைய சுவர் என்பது வெளியே ஒட்டிய தோல்தான்.

இன்னொன்று, எந்தக் கல்லால் கட்டுவீர்கள்? அந்தக் காலத்தில் இந்தக் கரையில் கடலிலிருந்து பவளக்கல்லை வெட்டி எடுத்துக் கட்டினார்கள், அதையே சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். இன்றைக்கு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. பவளப்பாறைகளை 2001ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே அட்டவணை. புதிதாக ஒரு கல் எடுக்க வழியில்லை. அதாவது அந்தப் பையன் பையில் போட்டுக்கொண்டு போன துண்டுக்கு மாற்றுக் கல் இந்தக் கடலிலிருந்து சட்டப்படி எடுக்க முடியாது. விழுந்த கல்லைப் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக வைத்து, அதே இடத்தில் திரும்பப் பதிப்பது ஒன்றுதான் வழி.

வலைவீச்சு
எல்லோரும் கல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அங்கேதான் இருக்கிறேன். அந்தத் தேவாலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் குடிசை, அம்மா சங்குமாலைக் கடை வைத்திருக்கிறார்.

புயலில் என் அப்பத்தாவின் தங்கை போய்விட்டார், உடம்பு கிடைக்கவில்லை. அப்பத்தா சாகும் வரை டிசம்பர் மாதம் முழுக்க மீன் சாப்பிட மாட்டார். வாழத் தகுதியற்ற இடம் என்று எழுதிப் போட்டார்கள், ஆனால் கடல் இங்கே இருக்கிறது, படகு இங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே போவோம்? அந்த ஒரு வரியைக் காட்டித்தான் இத்தனை வருடமாக விளக்கு கேட்டால் இல்லை, வீடு கேட்டால் இல்லை. 2017ல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு ரோடு. சாயங்காலம் ஆனதும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இருட்டில் நாங்கள் மட்டும் இருப்போம்.

இப்போது தேவாலயத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறீர்கள். சரி. மத்தியத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா? 2010ல் திருத்திய சட்டப்படி சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு காற்றுக்கும் எங்கள் கூரை பறக்கும், ஒவ்வொரு தடவையும் திரும்பக் கட்டுகிறோம். அன்றைக்கு வந்து "இது தடை செய்யப்பட்ட பகுதி" என்று சொன்னால் யாரிடம் போய் நிற்பது? செத்த கட்டிடத்துக்காக உயிரோடு இருக்கிறவர்களை விரட்டிவிடாதீர்கள். விழுந்தால் விழட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

ஓலைக்குடா
அக்கா, அந்த 100 மீட்டர் விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் முதல் பதிவில் எழுதவில்லை. தப்பு என்னுடையது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசியிருக்க வேண்டும். நான் கேட்பது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிப்பதை அல்ல, பழுது பார்ப்பதை. சின்னமாக அறிவிக்காமலே ஒரு சுவரைப் பழுது பார்க்கலாம்.

ஆனால் "விழுந்தால் விழட்டும்" என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஓர் ஊர் இருந்தது என்று காட்டுவது அந்தச் சுவர்தான். அதுவும் போய்விட்டால் வெறும் கடற்கரை. வெறும் கடற்கரையில் இருக்கிற குடிசைகளை அப்புறப்படுத்துவது இன்னும் சுலபம். இங்கே ஊர் இருந்தது, அந்த ஊர்க்காரர்கள் நாங்கள் என்று சொல்ல உங்களுக்கும் ஒரு சாட்சி வேண்டாமா?

நீலத்திரை
இந்த நிலத்துக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் வங்கக்கடல், மறு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவே மணல் நாக்கு. இன்றோ நாளையோ இன்னொரு 1964 வரத்தான் போகிறது. கல்லுக்குக் கல் அளந்து, எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, கணினியில் முப்பரிமாணமாகச் சேர்த்து வைத்துவிட்டு, மிச்சத்தைக் கடலிடம் விடுவதுதான் நேர்மையானது. அந்தப் பணத்தில் புயல் தங்குமிடம் கட்டலாம்.

சுண்ணாம்புக்கை
அளந்து வைப்பது கட்டாயம் வேண்டும், அதில் சண்டையே இல்லை. ஆனால் இந்தச் சுவரைத் தின்பது பெரும்பாலும் கடல் அலை அல்ல. மேலிருந்து இறங்குகிற மழை, மணலை வாரி அடிக்கிற காற்று, உப்பு, அப்புறம் மனிதக் கை. சாவியால் பெயர் கீறியிருக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கீறல் வழியாகத்தான் உப்புத்தண்ணீர் உள்ளே போகிறது. இந்த நான்கில் இரண்டையாவது நம்மால் குறைக்க முடியும்.

பழைய கோவாவில் புனித அகுஸ்தீன் கோபுரம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? 1835ல் மடத்தைக் கைவிட்டார்கள், 1842ல் உள்கூரை விழுந்தது, கோபுரத்திலும் பாதி 1931ல் போனது. மிச்சம் 46 மீட்டர் உயரத்துக்கு இன்றைக்கும் நிற்கிறது. யாரும் மீதியைக் கட்டி முடிக்கவில்லை. இடிந்தபடியே பராமரிக்கிறார்கள், பார்க்கிற யாருக்கும் அது குறையாகத் தெரியாது.

இங்கே செய்ய வேண்டியது சின்ன வேலைதான். சுவரின் தலையில் திறந்து கிடக்கிற கல்லிடுக்கை அடைத்து, மழைத்தண்ணீர் வழிந்து ஓடும்படி சரிவாகச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். ஆடுகிற வளைவுகளுக்கு முட்டு கொடுக்க வேண்டும். ஒரே ஒரு விஷயம், சிமெண்ட் கூடாது. வேறொரு கடற்கரை ஊரில் ஒரு பழைய சுவருக்கு அவசரத்தில் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள், அதைக் கொத்தி எடுக்கிற வேலைக்கு நான் போனேன். சிமெண்ட் கெட்டியாக அப்படியே இருந்தது, பின்னால் இருந்த கல் மாவாகிவிட்டது. கையை வைத்தால் ரவை மாதிரி கொட்டியது. உள்ளே இருக்கிற ஈரம் சிமெண்ட் வழியாக வெளியே வர முடியாமல் கல் வழியாக வந்து, உப்பு அங்கேயே பூத்துக் கல்லை உடைத்துவிட்டது. சுண்ணாம்பு அப்படி இல்லை, மூச்சு விடும். உப்பு வந்தாலும் முதலில் காரைதான் உதிரும், கல் பிழைக்கும். காரையைச் சில வருடத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசிக்கொள்ளலாம். அதாவது இது ஒருமுறை செய்து முடிகிற வேலை இல்லை, பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

மதுரைப்பயணி
கூரையை விட்டுவிடுகிறேன். பவளக்கல் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் பீடத்தை விட மாட்டேன். அந்த மேடையைச் சுற்றி ஒரு கயிறு கட்டுங்கள், இது இன்னது என்று தமிழில் இரண்டு வரி எழுதி வையுங்கள். வருடத்தில் ஒரு நாள், டிசம்பர் 22 சாயங்காலம், செத்தவர்களுக்காகத் திறந்த வானத்தின் கீழ் ஒரு பூசை நடக்கட்டும். அக்கா, உங்கள் அப்பத்தாவின் தங்கை பெயரையும் சேர்த்து வாசிக்கலாம்.

வலைவீச்சு
அவர் இந்து. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் அப்பத்தா அந்தத் தேவாலயத்தைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். பெயர் வாசிப்பதானால் எல்லாப் பெயரும் வாசிக்க வேண்டும், கோயில்காரர்கள், பள்ளிவாசல்காரர்கள், ரயில்காரர்கள், எல்லோரும். அப்படி என்றால் நான் வருகிறேன்.

கட்டிட விஷயத்தில் என் கருத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்று கேட்கிறேன். சில வருடத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும் என்கிறீர்கள், பூசப்போவது யார்? வெளியூரிலிருந்து ஒப்பந்தக்காரர் வந்து நாலு நாள் வேலை பார்த்துவிட்டுப் போவாரா, இல்லை எங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா? மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் பாதியிலிருந்து இரண்டு மாதம் விசைப்படகு வேலைக்குப் போகிறவர்கள் சும்மாதான் இருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கை
சொல்லிக்கொடுக்கலாம். ஒரு பருவம் கூடவே நின்று செய்தால் கை பிடிபட்டுவிடும். சுண்ணாம்பை ஊறவைப்பது, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது, காரை அரைப்பது எல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும். சித்திரை வெயிலில் பூசினால் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், அதனால் ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். கடற்கரை மணலையும் உப்புத்தண்ணீரையும் மட்டும் கலவைக்குள் விடக்கூடாது.

வலைவீச்சு
அப்படியானால் நல்ல தண்ணீர் வேண்டும். இங்கே நல்ல தண்ணீர் என்பது மணலில் தோண்டுகிற ஊற்றுதான், பெண்கள் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புகிறோம். கோடையில் ஒரு குடம் ஊற எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கலவைக்கும் சாக்கு நனைக்கவும் ஒரு நாளைக்கு எத்தனை குடம்?

ஓலைக்குடா
ஊற்றைத் தொட வேண்டாம் அக்கா. ராமேஸ்வரத்திலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவருவதையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். வேலை நடக்கிற நாட்களில் அந்த லாரி முதலில் உங்கள் குடங்களை நிரப்பிவிட்டு அப்புறம் சுவருக்கு வரட்டும். எத்தனை வீடு இருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். அதற்குள் நான் மணலில் கிடக்கிற கற்களை ஒரு நாள் வந்து எண்ணி, எந்த ஜன்னலுக்குக் கீழே எது கிடந்தது என்று குறித்துக்கொள்கிறேன். துணைக்கு யாராவது வந்தால் நல்லது.

வலைவீச்சு
கல்லை எடுத்து வைக்க எங்கள் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. காலையில் வா தம்பி, பத்து மணிக்கு மேல் வண்டிகள் வந்துவிடும்.