ஒலித்திருத்தமா, பிறழொலிச் சொல்லறிதலா?

வணக்கம்.

ஒருவர் ஒரு சொல்லில் ஏதோ ஓர் ஒலியைப் பிறழச் சொன்னாலும் கேட்பவர் சரியான சொல்லையே பிடித்துக்கொள்கிறாரே, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் 'ஒலித்திருத்தம்' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். சொல்ல எளிதாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. திருத்தம் என்றால் முதலில் பிழை தெரிய வேண்டும், அப்புறம்தான் திருத்த முடியும். இங்கே பல நேரம் பிழை காதில் படுவதே இல்லை. கடையில் ஒருவர் "வாளைப்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் கடைக்காரர் நேராகச் சீப்பைத் தூக்கிக் காட்டுகிறார். வாளை என்று ஒரு மீன் இருக்கிறது, ஆனாலும் அது அவர் நினைவில் தட்டுவதில்லை, ஏனென்றால் பின்னால் வரும் 'பளம்', நிற்கும் இடம், எதிரே தொங்கும் தார் எல்லாம் சேர்ந்து ஒரே சொல்லைத்தான் காட்டுகின்றன.

பேச்சை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்று ஆராய்ந்த மார்ஸ்லென்-வில்சனும் வெல்ஷும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒலிப்பதிவைக் கேட்கக் கேட்க உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வேண்டும்; நடுநடுவே சில சொற்களில் ஓர் ஒலியை வேண்டுமென்றே மாற்றி வைத்திருந்தார்கள். கேட்டவர்கள் பல இடங்களில் கொஞ்சமும் தடுமாறாமல் சரியான சொல்லையே சொல்லிக்கொண்டு போனார்கள். மாற்றம் சொல்லின் பிற்பகுதியில் இருந்தாலோ, அந்த இடத்தில் அந்தச் சொல்தான் வரும் என்று முன்பே எதிர்பார்க்க முடிந்தாலோ இது கூடுதலாக நடந்தது. நின்று யோசித்துத் திருத்தியிருந்தால் பேச்சு அப்படி ஓடியிருக்காது.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970இல் வெளியிட்ட இருமல் சோதனையையும் இதே பெயரில் அடக்கப் பார்க்கிறோம். அவர் ஒரு வாக்கியத்தில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லிலிருந்து முதல் 'ஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் குறையவில்லை என்றார்கள், மிச்சமிருந்த ஒருவரும் வேறு ஒலியைத்தான் காட்டினார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை! ஆனால் அதே இடத்தை வெறும் மௌனமாக விட்டபோது இடைவெளி தெரிந்துவிட்டது. இங்கே தவறான ஒலி எதுவும் இல்லை, இல்லாத ஒலியை மூளை தானே போட்டுக்கொள்கிறது. ஆகவே இதற்கு 'ஒலியன் நிரப்பல்' என்று தனிப் பெயர் வைப்போம் (ஒலியன் என்பது பொருளை வேறுபடுத்தும் ஓர் ஒலி). 'மீட்பு' வேண்டாம், வெட்டி எறிந்த ஒலி திரும்பி வருவதில்லை.

சரி, பிறழ்ந்த ஒலிக்கு? 'சொல் மீட்பு' என்றும் ஒரு பரிந்துரை வந்தது. பக்கவாதத்துக்குப் பின் சொல் நாவுக்கு வராமல் தவிப்பவர்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும், அதை இங்கே செலவழிக்கக் கூடாது. நான் முன்மொழிவது 'பிறழொலிச் சொல்லறிதல்'. நீளம்தான். ஆனால் 'சொல்லறிதல்' பொதுச்சொல்லாக நிற்கும், அதன் ஒரு வகையாக இது அமையும், கோட்பாடுகளைப் பேசவும் வசதி. மார்ஸ்லென்-வில்சன் ஆரம்பத்தில் முன்வைத்த கொள்கைப்படி முதல் ஒலிகளே போட்டிச் சொற்களைத் திரட்டுகின்றன, அதனால் முதல் ஒலியே பிறழ்ந்தால் சரியான சொல் போட்டிக்கே வராது. மெக்லெலண்டும் எல்மனும் 1986இல் வெளியிட்ட, சொல்லறிதலைக் கணினியில் செய்துகாட்டும் ட்ரேஸ் மாதிரியிலோ மற்ற ஒலிகளின் வலுவில் அந்தச் சொல் மேலே வந்துவிடும். இரண்டு இடத்திலும் கேள்வி சொல்லை அறிவது பற்றியதுதானே, ஒலியைச் சீர்செய்வது பற்றியதல்லவே.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. நோரிஸ், மெக்வீன், கட்லர் மூவரும் 2003இல் டச்சு மொழியினரிடம் சோதித்தார்கள்: 'ஃப்', 'ஸ்' இரண்டுக்கும் நடுவான ஓர் ஒலியைத் தெரிந்த சொற்களுக்குள் கேட்டுக் கேட்டு, அவர்களுக்கு அந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையிலான எல்லையே நகர்ந்துவிட்டது. இதற்குச் 'செவிப்பழக்கம்' பொருந்துமா, அல்லது அது வெறும் வழக்கத்தைச் சொல்வதுபோல் ஆகிவிடுமா? எனக்கு 'எல்லைப் பெயர்ச்சி' பக்கம்தான் மனம் சாய்கிறது, மொழியியல் படித்தவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.