சிங்கப்பூர் 1965: துரத்தப்பட்டதா, பிரிந்து போனதா?

கிள்ளான் வாசகன்:
1963-இல் மலேசியாவோடு சேர்ந்த சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று தனி நாடானது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் இதே கதைதான். மலேசியா கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது, சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டார் என்று எழுதுகிறார்கள். கண்ணீர் உண்மை. தள்ளியதாகச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. 1965 ஜூலை 20 அன்று சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ, மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கையும் உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயிலையும் சந்தித்தார். சிங்கப்பூர் முழுசாகப் பிரிவதுதான் ஒரே வழி என்று அவர்களிடம் வற்புறுத்தியது தானே என்று பிற்காலத்தில் கோவே சொல்லியிருக்கிறார். பேச்சு நடத்த அவருக்கு அதிகாரம் கொடுத்து லீ தந்த கடிதத்தின் தேதி ஜூலை 26. உடன்படிக்கையை வரைந்தவரும் சிங்கப்பூரின் சட்ட அமைச்சர் பார்க்கர்தான். வெளியே தள்ளப்படுகிறவன் உட்கார்ந்து பத்திரம் எழுதுவானா?

மீனா, ஈசூன்:
எழுதுவான் அண்ணே. வேறு வழி இல்லாவிட்டால் நல்லபடியாக எழுதி வாங்கிக்கொண்டு போவான். பார்க்கர் அதைத்தான் செய்தார். 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு அந்த உடன்படிக்கையிலேயே உத்தரவாதம் வாங்கினார்கள். அது இல்லாமல் ஜொகூர் தண்ணீரை நம்பி இந்தத் தீவு எத்தனை நாள் இருந்திருக்கும்?

ஆகஸ்ட் 9 காலை மலேசியப் பிரதமர் துங்கு நாடாளுமன்றத்தில் பேசியதையும் பாருங்கள். தன் முன்னால் இரண்டே வழிகள் இருந்தன என்றார்: சிங்கப்பூர் அரசாங்கத்தின் மேல் அடக்குமுறையை ஏவுவது, அல்லது உறவை அறுத்துக்கொள்வது. லீயைக் கைது செய்யச் சொல்லி, துங்குவின் மலாய்க் கட்சியான அம்னோவின் தீவிரக்காரர்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. முந்தைய ஆண்டு ஜூலை 21-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாய்-சீனர் கலவரத்தில் 23 பேர் செத்தார்கள், 454 பேருக்குக் காயம். செப்டம்பரில் இன்னும் 13 உயிர். இதையெல்லாம் பார்த்துவிட்டு கோ பேசப் போனதை விருப்பத்தோடு போனதாக எப்படி எழுதுவது?

கிள்ளான் வாசகன்:
கலவரத்தை நான் மறைக்கவில்லை, மீனா. ஆனால் பூசல் ஒரு பக்கமிருந்து மட்டும் வரவில்லை. 1964 ஏப்ரலில் லீயின் மக்கள் செயல் கட்சி (மசெக) மலாயா தீபகற்பத்துக்கு வந்து கூட்டரசுத் தேர்தலில் நின்றது. கிடைத்தது பங்சார் தொகுதி ஒன்றுதான், ஆனால் கோலாலம்பூரில் இருந்த நம்பிக்கை அதோடு போயிற்று. அப்புறம் பணத் தகராறு. சிங்கப்பூர் தன் கூட்டரசு வரி வருவாயில் 40 சதவீதம் கொடுத்து வந்ததை மலேசிய நிதியமைச்சர் டான் சியூ சின் 60 ஆக்கச் சொன்னார். இணையும்போது வாக்குறுதி தந்த பொதுச் சந்தையும் அமையவில்லை. இரண்டு தரப்புக்கும் இந்தக் குடும்பம் ஒத்துவராது என்று புரிந்துவிட்டது. பேசித்தான் பிரிந்தார்கள்.

மீனா, ஈசூன்:
ஒரே நாடு என்றால் தேர்தலில் நிற்பது எப்படித் தப்பாகும்? 1963 செப்டம்பரில் சிங்கப்பூர்த் தேர்தலில் அம்னோவும் சேர்ந்த கூட்டணி ஆட்களை நிறுத்தியதே, அதற்கு என்ன பெயர்?

இரண்டு தரப்புக்கும் புரிந்துவிட்டது என்கிறீர்கள். சிங்கப்பூர் அமைச்சர் ராஜரத்தினத்துக்குப் புரிந்ததா? யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த மனிதர். துணைப் பிரதமர் டோ சின் சாயும் அக்கரைக்காரர், பேராக்கில் பிறந்தவர். அவர்கள் சொந்த ஊரே அந்நிய நாடாகப் போகிறது. கோலாலம்பூருக்கு வரவழைத்துத் தாளை நீட்டியபோது இரண்டு பேரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். வேறு வழியே இல்லை என்று துங்கு டோவுக்குத் தம் கைப்பட எழுதி அனுப்பிய பிறகுதான் போட்டார்கள். இதைப் பேசிப் பிரிந்ததாக என்னால் சொல்ல முடியவில்லை.

கிள்ளான் வாசகன்:
அந்த இருவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்குக் கடைசி நேரம்வரை தெரியாமல் வைத்திருந்தது யார்? அவர்களுடைய சகாக்கள்தான். பிரிட்டிஷ் தூதர் ஆண்டனி ஹெட்டுக்கே ஆகஸ்ட் 8 இரவுதான் செய்தி எட்டியது.

பழைய நேவல் பேஸ் பையன்:
தம்பி, மீனா, இரண்டு பேரும் அமைச்சர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அப்போது 14 வயது. அப்பாவுக்கு செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. பெரியப்பா ஜொகூரின் குளுவாங்கில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார், பாட்டி அவரோடு. காலை 10 மணிக்கு ரேடியோவில் அறிவிப்பு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இனிமே குளுவாங் வேற நாடா?" என்பதுதான்.

எங்களை யாரும் கேட்கவே இல்லை. 1962 வாக்கெடுப்பில் சீட்டில் இருந்த மூன்று வழிகளுமே மலேசியாவோடு இணைப்புக்கான வழிகள். வேண்டாம் என்று சொல்ல இடமே கிடையாது. அடுத்த பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். சேர்த்தது இப்படி. பிரிக்கும்போது அந்தச் சீட்டுகூட இல்லை. கோலாலம்பூர் மக்களவையில் 126 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம், அன்றைக்கே முடிந்தது. துரத்தினார்களா, போனார்களா என்று நீங்கள் சண்டை போடுவது ஏழெட்டுப் பேர் ஒரு மாதத்தில் முடித்த காரியத்தைப் பற்றி.

1967-இல் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. பாட்டியிடம் பிறப்புப் பத்திரம் கிடையாது. அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. நாங்கள்தான் போய்ப் பார்த்தோம்.

மீனா, ஈசூன்:
உங்கள் வலி புரிகிறது ஐயா. ஆனால் 1965-இல் கேட்டிருந்தால் தீவின் மக்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? அன்று சைனாடவுனில் பட்டாசு வெடித்தார்களே. அந்த டிசம்பரில் நிறைவேறிய சுதந்திரச் சட்டத்தில் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதிகாரத்துவ மொழியாக எழுதப்பட்டது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பழைய நேவல் பேஸ் பையன்:
நானும் நினைக்கவில்லை அம்மா. என் பேரப்பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிப்பது அதனால்தான். பட்டாசு வெடித்ததும் உண்மை. எங்கள் குடியிருப்பில் யாரும் வெடிக்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் வரை போய்க் கடற்பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வண்டிகள் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்ததாக அம்மாவிடம் சொன்னார்.