திருமணம் நிச்சயமான பின்பும் குழுக்களில் சுற்றும் பயோடேட்டாவை அகற்ற முடியுமா?

தக்கலை வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வரன் தேடியபோது, அவளுடைய படம், பிறந்த தேதி, நேரம், செவிலியராகப் பணிபுரியும் மருத்துவமனை, வீட்டு முகவரி, கைபேசி எண் ஆகியவை அடங்கிய பயோடேட்டாவை ஒரு தரகரிடமும் ஒரு திருமணத் தகவல் தளத்திலும் கொடுத்திருந்தோம். இப்போது கருங்கல் பக்கத்தில் திருமணம் நிச்சயமாகிவிட்டது. ஆயினும் மார்த்தாண்டம் தொடங்கி வளைகுடாவில் வாழும் நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வரை அது சுற்றிக்கொண்டிருப்பதால், முன்பின் அறியாதவர்கள் இரவிலும் அவளை அழைக்கிறார்கள். இதை முழுமையாக அகற்ற வழி உண்டா? எண்ணையே மாற்றிவிடலாமா?

வடசேரி வாசகர்:
தளத்தில் கணக்கை மறைத்து வைப்பது போதாது, நீக்கவே வேண்டும். நீக்கிய பின்பும் கூகுள் தேடலில் பழைய பக்கம் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை அகற்றக் கோரும் படிவம் கூகுளிடமே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அனைவருக்குமாக நீக்கும் வசதி ஏறத்தாழ இரண்டரை நாள் வரைதான் கிடைக்கும். பிறர் எடுத்து வேறு குழுக்களுக்கு அனுப்பிய பிரதிகளை அது தொடாது. அழைப்பவர்களில் பலர் உண்மையிலேயே வரன் தேடும் குடும்பத்தாராக இருக்கக்கூடும். ஆகவே, நிச்சயம் முடிந்துவிட்டது, இனி யாரும் பகிர வேண்டாம் என்ற செய்தியை, பயோடேட்டாவை மறுபடி இணைக்காமல், அதே குழுக்களில் போடும்படி தரகரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

குழித்துறை வழக்கறிஞர்:
அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தகவலுக்குப் பொருந்தாது என்பதால், உறவினர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்வதை அதன் துணையுடன் தடுக்க இயலாது. என் கருத்தில், இந்தச் சிக்கலில் பெரிய இடைவெளி இதுதான். எனினும், விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பின்பும் ஓர் ஆண் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றமாகும். அத்தகைய அழைப்புகளின் பதிவுகளையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் அளிக்கலாம்.

குளச்சல் வாசகர்:
எண்ணை அவசரப்பட்டு மாற்றாதீர்கள், தம்பி. கைவிட்ட எண் 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். அதற்குள் வங்கி, ஆதார், மின்னஞ்சல் அனைத்திலும் புதிய எண்ணைப் பதிந்திருக்க வேண்டும். அழைப்புகளைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது பிறந்த தேதிதான். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல்லே பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது; வங்கிகள் அனுப்பும் கணக்கறிக்கைகள் பலவும் பிறந்த தேதியைக் கொண்டே திறக்கின்றன. தங்கையின் மின்னஞ்சலிலும் வங்கிச் செயலியிலும் பிறந்த தேதியை ஒட்டிய கடவுச்சொல் இருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் அடுத்து யாருக்கேனும் வரன் பார்த்தால், தொடர்புக்கு அப்பாவின் எண் மட்டும் போதும். ஜாதகத்தையும் முகவரியையும் இரு வீட்டாரும் பேசிய பிறகு நேரில் கொடுக்கலாம்.