முதல் தடவை ஆன்லைன் கவுன்சலிங், வீட்ல மாமியார் இருக்காங்க, எப்படி பேசறது?

மல்லிகைக்கொடி:
எல்லாருக்கும் வணக்கம். தென்காசி பக்கம் இருக்கேன், பையனுக்கு 5 மாசம். ராத்திரி அவன் தூங்கினாலும் எனக்கு தூக்கம் வரமாட்டேங்குது, ஒண்ணுமே நடக்காம அழுகை வருது, சில நேரம் அவன் அழுதா எந்திரிச்சு போய் தூக்கணும்னே தோணல, இதை டைப் பண்ணவே கூசுது. பிரசவம் பாத்த டாக்டரம்மா கிட்ட சொன்னேன், முதல் குழந்தைன்னா அப்படித்தான் இருக்கும் சரியாயிடும்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரர் வேலை சென்னைல, நான் மாமியார் வீட்ல. இங்க மனநல டாக்டர பாக்க போனா மறுநாளே தெருவுக்கே தெரிஞ்சிடும், அதான் ஆன்லைன்ல ஒரு சைக்காலஜிஸ்ட் கிட்ட சனிக்கிழமை 11 மணிக்கு புக் பண்ணேன். ஃபார்ம்ல வீட்டு அட்ரஸும் அவசரத்துக்கு ஒருத்தர் போன் நம்பரும் கேக்கறாங்க, எதுக்கு? மாமியாருக்கு சொல்லிடுவாங்களோ? முதல் நாள் என்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரிசல்காட்டான்:
சிஸ் நான் போன வருஷம் 8 செஷன் எடுத்தேன். ரூம்ல பேச முடியாம மொட்டை மாடில தண்ணி டேங்க் பக்கத்துல உக்காந்து தான் பேசுவேன். வீடியோ ஆஃப் பண்ணிட்டு பேசலாமான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க, மூணாவது தடவை நானே ஆன் பண்ணிட்டேன். முதல் நாள்ல பெருசா எதுவும் மாறல, ஆனா அன்னிக்கு நல்லா தூங்கினேன்.

நிலா_சைக்:
மல்லிகை, நான் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு, லாக்டவுனுக்கு அப்புறம் என்கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஆன்லைன் தான். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். குழந்தை பிறந்ததும் வர்ற அழுகை, சிடுசிடுப்பு எல்லாம் சாதாரணமா ரெண்டு வாரத்துல அடங்கிடும். 5 மாசத்துலயும் இருக்குன்னா "சரியாயிடும்"னு விடக்கூடாது, இது டெலிவரிக்கப்புறம் வர்ற மனச்சோர்வா இருக்கலாம், குணமாக்கக்கூடியது. குழந்தைய தூக்க தோணலன்னு சொன்னீங்களே, அது உங்க பாசத்துல குறைன்னு நெனச்சு உங்கள திட்டிக்காதீங்க, நிறைய அம்மாக்கள் முதல் நாள் கேமரா முன்னாடி தலைய குனிஞ்சுக்கிட்டு இதையே தான் சொல்வாங்க.

அட்ரஸ் விஷயம். நேர்ல வந்தா நீங்க என் எதிர்ல இருப்பீங்க, திடீர்னு ஏதாவது ஆனா நான் எந்திரிச்சு வந்துடலாம், ஸ்க்ரீன்ல அது முடியாது. அதனால ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும்போதே இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல யாரு இருக்காங்கன்னு கேப்பேன். அவசர நம்பர் மாமியாரோடதா இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, அக்கா, ஃப்ரெண்ட், நீங்க நம்பற யாருன்னாலும் போதும். உங்க உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்துன்னு தோணினா மட்டும் தான் அதை தொடுவோம். மத்தபடி நீங்க சொல்றதை வெளிய சொல்லக்கூடாது, 2017 மனநல பாதுகாப்பு சட்டத்துலயே ரகசியம் உங்க உரிமைன்னு இருக்கு. எதெல்லாம் ரகசியமா இருக்கும், எது இருக்காதுன்னு முதல் 10 நிமிஷத்துல அவங்களா சொல்லணும், சொல்லலன்னா நீங்க கேளுங்க.

முதல் நாள் பெரும்பாலும் கேள்வி தான் இருக்கும்: தூக்கம், சாப்பாடு, பிரசவம் எப்படி போச்சு, வீட்ல யாரு கைகுடுக்கறாங்க, முன்னாடி எப்பவாவது இப்படி இருந்துதா. டெலிவரிக்கப்புறம் மனச்சோர்வு இருக்கான்னு பாக்க எடின்பரோ ஸ்கேல்னு ஒண்ணு குடுக்கலாம், 10 கேள்வி, கடைசி 7 நாள் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், தமிழ்லயும் இருக்கு. பத்தாவது கேள்வி உங்கள நீங்களே காயப்படுத்திக்கற எண்ணம் வந்துதான்னு, அதை மட்டும் மறைக்காதீங்க. தைராய்டு, ரத்தசோகையும் இதே மாதிரி சோர்வு குடுக்கும், அதனால ரத்த டெஸ்ட் எடுக்க சொல்வோம். மாத்திரை நாங்க எழுத முடியாது, அது சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர் வேலை, பால் குடுக்கறவங்களுக்கு ஒத்துக்கற மருந்தும் இருக்கு, பயப்பட வேண்டாம்.

மாமியார் திடீர்னு உள்ள வந்தா? என் க்ளையன்ட்டுங்க கூட முதல் நாளே ஒரு ரகசிய வார்த்தை பேசி வெச்சுக்குவேன். ஒருத்தங்க "பால் கணக்கு அப்புறம் பாக்கலாம்"னு சொன்னா நான் உடனே குழந்தைக்கு தடுப்பூசி எப்போன்னு பேச ஆரம்பிச்சிடுவேன். இயர்போன் போட்டுக்கோங்க, பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வெச்சுக்கோங்க, அழுதா நான் எடுத்து குடுக்க முடியாது இல்லையா. இன்னொண்ணு, நான் பேசாம இருந்தா நெட் போயிடுச்சுன்னு பதறாதீங்கன்னும் சொல்லிடுவேன், நேர்ல அந்த அமைதி இயல்பா இருக்கும், போன்ல அது பயமுறுத்தும்.

ரெண்டு மூணு நாளா தூக்கமே இல்ல, யாரோ பேசற மாதிரி கேக்குது, குழந்தைய பத்தி விபரீதமா தோணுதுன்னா சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, ஆன்லைன் அதுக்கு பத்தாது, அன்னிக்கே யாரையாவது கூட்டிட்டு திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போங்க. நடு ராத்திரில யார்கிட்டயாவது பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் டெலிமானஸ் 14416, காசு இல்ல, தமிழ்ல பேசலாம்.

புத்தகப்பூச்சி:
லைசன்ஸ் செக் பண்ணுங்க சிஸ். நான் முதல்ல பேசின ஆளு மூணு மாச கோர்ஸ் முடிச்சவர்னு அப்புறம் தான் தெரிஞ்சுது, என் பிரச்சனைய விட அவரு அட்வைஸ் தான் ஜாஸ்தி, அதுலயே ஒரு வருஷம் யார்கிட்டயும் போகல.

நிலா_சைக்:
கரெக்ட். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொன்னா ஆர்சிஐ நம்பர் கேளுங்க, அவங்க சைட்ல பேரு இருக்கான்னு பாக்கலாம். எம்எஸ்சி முடிச்ச கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்டுங்க நிறைய பேர் அந்த பட்டியல்ல வரமாட்டாங்க, அதனாலயே தப்பானவங்கன்னு இல்ல, எங்க படிச்சீங்க, யார் கிட்ட ட்ரெய்னிங் எடுத்தீங்கன்னு கேளுங்க. கேட்டா கோவப்படறவங்க கிட்ட போகாதீங்க.

மல்லிகைக்கொடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நம்பர் கேட்டேன், உடனே அனுப்பிட்டாங்க. அந்த குரல் கேக்கறதெல்லாம் எனக்கு இல்ல. அவசர நம்பர்ல எங்க அக்கா நம்பர் போட்டுட்டேன், அவகிட்ட நேத்து ராத்திரி எல்லாத்தையும் சொல்லிட்டேன், சனிக்கிழமை வந்து பையன தூக்கிட்டு மாமியார் கூட கோயிலுக்கு போறேன்னா. 11 மணிக்கு வீட்ல நான் மட்டும் தான் இருப்பேன்.