குடும்பத்தோடு ஆஃப்-ரோடு கேம்பிங்: ரேடியோ, சாட்டிலைட் கருவி, ஜிபிஎஸ் – எதை முதல்ல வாங்கலாம்?

கூடாரம்:
வணக்கம். ரெண்டு வண்டி, நாலு பெரியவங்க, மூணு பிள்ளைங்க. செல்போன் சிக்னல் சுத்தமா இல்லாத பாதையில போய் ரெண்டு மூணு ராத்திரி தங்குற திட்டம். "30 கி.மீ. ரேஞ்ச்"னு பெட்டியில போட்ட வாக்கி-டாக்கி ஜோடி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம். அது போதுமா? போன்லயே மேப் இருக்கும்போது தனி ஜிபிஎஸ் எதுக்கு? எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாங்க முடியாது, அதனால எந்த வரிசையில வாங்கணும்னு சொல்லுங்க.

அலைவரிசை:
அந்த 30 கி.மீ. ஒரு மலையுச்சியில இருந்து இன்னொரு மலையுச்சிக்குப் பேசினா வர்ற கணக்கு. இந்த ரேடியோக்கள் யுஎச்எஃப்ங்கிற மீஉயர் அலைவரிசையில வேலை செய்யுது. ஏறக்குறைய நேர்க்கோட்டுலதான் போகும். ஆன்டெனாவோட உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1 ஆல பெருக்குங்க. அந்தப் பக்கத்து எல்லை கி.மீ.ல கிடைக்கும். ரெண்டு பேரும் 1.5 மீட்டர் உயரத்துல பிடிச்சா 5 + 5, அதாவது பொட்டல்வெளியில 10 கி.மீ. நடுவுல மரமும் மேடும் வந்துட்டா ஒண்ணு ரெண்டு கி.மீ. கிடைச்சாலே பெரிசு. வாட்டை ஏத்துறதை விட ஆன்டெனாவை உயர்த்துறதுதான் பலன் தரும்.

வண்டிக்குள்ள உட்கார்ந்து கையடக்க ரேடியோவுல பேசினா தகரக்கூடு பாதி அலையை முழுங்கிடும். அதனால வண்டிக்கு ஒரு மொபைல் ரேடியோ (வண்டிக்குள்ளயே பொருத்துற வகை), கூரை நடுவுல ஆன்டெனா. பம்பர் ஓரத்துல வெச்சா ஒரு பக்கம் நல்லா போகும், மறுபக்கம் செத்துப்போகும். மாட்டின உடனே எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவுக்குப் போற சக்தி எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற கருவி) வெச்சுப் பாருங்க: 1.5க்குக் கீழே இருந்தா நல்லது, 2 வரைக்கும் ஓட்டலாம், 3 தாண்டினா பேசவே கூடாது, ரேடியோவோட அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடும். 3 வர்றதுக்குப் பெரும்பாலும் காரணம் கனெக்டர்ல சரியா ஒட்டாத ஷீல்டு (கேபிளோட வெளிப்பக்கக் கம்பி வலை), இல்லன்னா கதவு இடுக்குல நசுங்கின கேபிள்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க நாட்டு விதியைப் பாருங்க. லைசென்ஸ் இல்லாம பேசுற ரேடியோ வகை, ஐரோப்பாவுல பிஎம்ஆர்446னா 0.5 வாட், ஆன்டெனாவைக் கழற்றவே கூடாது. அமெரிக்காவுல ஜிஎம்ஆர்எஸ்ங்கிற பொதுமக்கள் ரேடியோ வகைக்கு லைசென்ஸ் வேணும். ஆஸ்திரேலியாவுல பொதுமக்களுக்கான யுஎச்எஃப் சிபி ரேடியோ 5 வாட். ஒரு நாட்டுல வாங்கினதை இன்னொரு நாட்டுல போட்டா மத்தவங்களோட அலைவரிசையில போய் நிப்பீங்க.

மலைப்பாதை:
ரேடியோ பத்தி அலைவரிசை சொன்னதுல மாற்றுக்கருத்து இல்லை. ஆனா வாங்குற வரிசையில அது ரெண்டாவது. வண்டிக்கு வண்டி பேச முடியலன்னா நின்னு காத்திருக்கலாம். பிள்ளைக்குப் பாம்பு கடிச்சு, வெளியுலகத்தைக் கூப்பிட வழியில்லைன்னா வேற எந்தக் கருவியும் உதவாது. காசை முதல்ல அங்க போடுங்க.

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பிஎல்பி, அதாவது ஆபத்துல அமுக்குற கையடக்க பீக்கன். 406 மெகாஹெர்ட்ஸ்ல காஸ்பாஸ்-சார்சாட்ங்கிற சர்வதேச மீட்பு அமைப்போட செயற்கைக்கோள்களுக்கு ஆபத்துக் குறிப்பு அனுப்பும், கூடவே 121.5ல தேடி வர்றவங்களுக்கு வழி காட்டும். மாதச் சந்தா கிடையாது. குறைஞ்சது 24 மணி நேரம் தொடர்ந்து அனுப்பணும்ங்கிறது அதுக்கான தரம். ஆனா என்ன ஆச்சுன்னு சொல்ல முடியாது. பேரைப் பதிவு செய்யாம விட்டா, அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது யாரோட கருவின்னே தெரியாது. பேட்டரி காலாவதித் தேதி மேலேயே அச்சிட்டிருக்கும், பாருங்க.

இன்னொண்ணு, கார்மின் இன்ரீச் மாதிரி இருவழி மெசஞ்சர், இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியா. குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். பெரும்பாலான சிக்கல் உயிர்ப்பிரச்சினை இல்லை. ஆக்ஸில் போச்சு, ஒருநாள் தாமதம்னு வீட்டுக்குச் சொல்லணும், அவ்வளவுதான். சந்தாவை உயிர்ப்பிச்சு, கிளம்புறதுக்கு முன்னாடியே வெளியில நின்னு ஒரு மெசேஜ் அனுப்பி, பதில் வருதான்னு பாருங்க. அடர்ந்த மரத்தடியிலயும் பள்ளத்தாக்குலயும் ஒரு மெசேஜ் போக பத்து இருபது நிமிஷம் கூட ஆகலாம். வானம் தெரியிற இடத்துல நிமிர்த்தி வெச்சுட்டுப் பொறுமையா இருக்கணும்.

ரொம்ப முக்கியம்: சில நாடுகள்ல அனுமதி இல்லாம சாட்டிலைட் கருவி வெச்சிருந்தா கைது வரைக்கும் போகும். இந்தியாவும் அதுல ஒண்ணு. விசாரிக்காம பையில போடாதீங்க.

வடக்குமுள்:
வழிகாட்டலுக்குத் தனி ஜிபிஎஸ் கட்டாயமில்லை. ஏரோபிளேன் மோடிலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். இல்லாமல் போவது வரைபடம்தான். ஆஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் அந்தப் பகுதி முழுவதையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு டேட்டாவை அணைத்துவிட்டு, நெருக்கமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கட்டங்கள் தெரிந்தால் இறக்கம் முழுமையாக நடக்கவில்லை.

டேப்லெட் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது. சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் படம் காட்டும்.

போனைக் கண்ணாடிக்கு நேரே வெயிலில் மாட்டினால் சூடேறி அணைந்துவிடும். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். இரண்டாவது போனிலும் அதே வரைபடம், அதே பாதைக் கோப்பு இருக்கட்டும். 1:50,000 தாள் வரைபடமும் ஒரு காம்பஸும் வண்டியில் இருக்க வேண்டும். அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. காம்பஸைப் பானெட் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு முள்ளை இழுத்துவிடும். வண்டியை விட்டுப் பத்து மீட்டராவது தள்ளி நின்று பாருங்கள்.

கூடாரம்:
நன்றி. அப்போ மெசஞ்சர், ரேடியோ, அப்புறம் பழைய போன் ஒண்ணை மேப்புக்கு ஒதுக்குறோம். ரெண்டு சந்தேகம். ரேடியோவுக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட் போதுமா? நாம இருக்கிற இடத்தை இன்னொரு வண்டிக்கு ரேடியோவுல எப்படிச் சொல்றது?

அலைவரிசை:
சாக்கெட் வேண்டாம். 25 வாட் ரேடியோ பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். குலுங்குற பாதையில அந்தச் சொருகி தளர்ந்து அடிக்கடி அணையும். பேட்டரியில இருந்து நேரா ரெண்டு வயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே 10 ஆம்பியர் ஃப்யூஸ். "கர்ர்"னு இரைச்சல் வந்தா முதல்ல யுஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க, பல நேரம் அதுதான் காரணம்.

ஒருத்தர் பேசுறது கேட்குது, நாம பேசுறது அவங்களுக்குக் கேட்கலன்னா, சேனல் ஒண்ணா இருந்தும் "பிரைவசி கோடு" (அதே கோடு வெச்சவங்க குரலை மட்டும் கேட்க விடுற அமைப்பு) வேறயா இருக்கும். எல்லாத்துலயும் அதை அணைச்சுடுங்க. பிள்ளைங்க கையில கொடுக்குற ரேடியோவுல கீ-லாக் (பட்டன் பூட்டு) போட்டுக் கொடுங்க.

வடக்குமுள்:
இடத்தைச் சொல்லும்போது எல்லாக் கருவியிலும் ஒரே வடிவம் இருக்க வேண்டும். 11.50 பாகை என்பதும் 11 பாகை 50 நிமிடம் என்பதும் ஒன்றல்ல. பின்னது 11.83 பாகை. அந்த வித்தியாசம் தரையில் ஏறக்குறைய 37 கி.மீ. தசமப் பாகை என்று முடிவு செய்து, நான்கு தசம இடம் வரை, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள்; கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும். மெசஞ்சரில் வீட்டுக்கு அனுப்புவதும் அதே வடிவில் இருக்கட்டும். எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் எந்த எண்ணை அழைப்பது என்பதையும் வீட்டிலிருப்பவருக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள்.