மறு: ‘ஃப்ரஜிலிட்டி ஃப்ராக்ச்சர்’ – நொறுங்கு முறிவா, நொய்ம்முறிவா?

> நொறுங்கு முறிவு எனலாமே? கேட்டதும் புரிகிறது.

புரிவது வேறொன்று, ஐயா. எலும்பு மூன்று நான்கு சில்லாகச் சிதறினால்தான் நொறுங்கிய முறிவு. லாரி மோதிய இருபது வயதுப் பையனுக்கும் அது வரும். நம் கலைச்சொல் பட்டியலுக்கு வேண்டியது, நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் கீழிருந்தோ விழுந்ததற்கே எலும்பு முறிவதைச் சொல்லும் பெயர். குளியலறையில் வழுக்கித் தொடையெலும்பின் கழுத்து உடைந்த எழுபது வயது அம்மாவின் டிஸ்சார்ஜ் அட்டையில் ‘விழுந்ததால் முறிவு’ என்று எழுதி, அறுவை முடித்து அனுப்பிவிடுகிறார்கள். விழுந்தது சாக்கு, எலும்புப்புரைதான் (ஆஸ்டியோபொரோசிஸ், எலும்பு அடர்த்தி குறைந்து நலியும் நோய்) காரணம். புற்று போன்ற வேறு காரணம் இல்லையென்றால், ஐம்பதைக் கடந்தவருக்கு எலும்புப்புரை என்று சொல்ல, இடுப்பு இப்படி முறிந்ததே போதும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில், இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5க்கு இறங்கியிருக்க வேண்டியதில்லை. முதுகில் அந்த எண்ணை அப்படியே நம்பவும் முடியாது: தேய்மானத்தில் வளர்ந்த எலும்பு முளைகளும் ஏற்கெனவே நசுங்கிய முள்ளெலும்பும் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும்.

என் பரிந்துரை நொய்ம்முறிவு. நொய் என்றால் நலிந்து எளிதில் உடைவது. முறிவோடு சேரும்போது, மெய்ம்மயக்கம் போல மகரம் மிகும்.

———

> என் பரிந்துரை நொய்ம்முறிவு.

அம்மா, நொய் என்றதும் கஞ்சிக்குப் போடும் குருணைதான் நினைவுக்கு வரும். அதுகூடப் பரவாயில்லை. புற்று பரவிய எலும்பு உடைவதை ‘நோய்முறிவு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள தூரத்தில் இரண்டு நோய்களை நிறுத்தலாமா? சிறுவிசை முறிவு?

———

சிறுவிசை வேண்டாம், ஐயா. ஓட்டக்காரர்களின் காலெலும்பில் திரும்பத் திரும்ப அடிபட்டு விழும் விரிசலோடு சேர்ந்துவிடும். கொம்பு விஷயம் ஏற்கிறேன். நொய்ந்தது எலும்புதான், ஆகவே ‘நொய்யெலும்பு முறிவு’. நீளம்தான், ஆனால் மாற்றிப் படிக்க வழியில்லை. பட்டியலில் இந்தச் சொல்லுக்கான பதிவில் இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் சேர்க்கலாம்:

‘நொய்யெலும்பு முறிவுக்கு அறுவை முடிந்தபின் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) பார்த்து, எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையை வாரம் ஒருமுறை தொடங்கினார்கள், காலை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல், காபியும் கால்சியம் மாத்திரையும் தொடாமல் இருக்கச் சொன்னார்கள்.’

‘எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் 60 மி.கி. ஊசியை ஏழு மாதம் தாண்ட விட்டால், முதுகில் அடுத்தடுத்து நொய்யெலும்பு முறிவுகள் வரலாம்.’

இரண்டாவது வாக்கியத்துக்காகவே, போன வாரம் ஏற்ற ‘மருந்து விடுமுறை’ (மருந்தைச் சில காலம் நிறுத்தி வைப்பது) பதிவிலிருந்து டெனோசுமாபை எடுத்துவிடுங்கள்.